டெர்ம் மாறியும் ஆளில்லா இன்ஸ்டாலும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் மையத்தின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கானவை, எல்லாமே உபுண்டு என்கிற லினக்ஸ். பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் தொகுப்புகள், ஏற்றுவதை இரவில் ஒரு ஸ்கிரிப்டே முடித்துவிடும். இதில் எனக்கு அதிகம் வேலை வைத்தது டெர்ம் (TERM) என்கிற சூழல் மாறி: எந்த வகை டெர்மினலில், அதாவது கட்டளைத் திரையில், ஓடுகிறோம் என்று நிரல்களுக்குச் சொல்லும் மதிப்பு.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் ஓடும் வேலைக்கு டெர்மினல் கிடையாது, டெர்மும் இருக்காது. இன்ஸ்டாலின்போது பேக்கேஜ்களின் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப், முதலில் டயலாக் என்ற பெட்டி முகப்பைத் திறக்கப் பார்க்கும். முடியாதபோது "டெர்ம் அமைக்கப்படவில்லை" என்று லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதிவிட்டு ரீட்லைன் என்ற எளிய எழுத்து முகப்புக்கு இறங்கும், அதுவும் ஆகாவிட்டால் இன்னும் எளிய டெலிடைப்புக்கு. லாகைப் பார்த்தால் பெரிய பிழை போல இருக்கும். அது வெறும் எச்சரிக்கைதான்.

அந்த வரியை மறைக்கச் சிலர் ஸ்கிரிப்டின் தலையிலேயே டெர்முக்கு எக்ஸ்டெர்ம் என்று ஒரு டெர்மினல் வகையை மதிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. க்ரானில் டெர்மினலே இல்லாததால் டயலாக் அப்போதும் மறுக்கும், வேறு வார்த்தைகளில். அதே ஸ்கிரிப்டை எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) டெர்மினலோடு ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம்: கேள்விப் பெட்டி நிஜமாகவே திறந்து, பதில் வரும்வரை காத்திருக்கும்.

மைக்ரோசாஃப்ட் எழுத்துருப் பேக்கேஜில் இதைப் பார்த்தோம். பிள்ளைகளின் பாடக் கோப்புகளுக்கு ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் வேண்டியிருந்தது. "அண்ணே, ஓகேன்னு கீழ இருக்கு, என்டர் தட்டினா ஒண்ணும் ஆகல" என்று உதவிக்கு இருக்கும் தம்பி கூப்பிட்டார். டேப் விசையை அழுத்தினால்தான் ஓகேவுக்குப் போகும். அதுவரை மற்றப் பேக்கேஜ்கள் அத்தனையும் வரிசையில் நின்றன.

டெப்கான்ஃப் எந்த முகப்பில் கேட்க வேண்டும் என்று சொல்லும் டெபியன் ஃப்ரன்ட்எண்ட் (DEBIAN_FRONTEND) மாறியை நான்இன்டராக்டிவ், அதாவது கேள்வியே வேண்டாம், என்று வைத்தால் பெட்டி வராது. ஆனால் கேட்காமல் விடுவது சம்மதம் ஆகாது: உரிமத்தை ஏற்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுத்துருக்களை இறக்காமலே விட்டுவிடும். ஆகவே உரிமத்தைப் படித்துப் பார்த்து, சம்மதத்தை டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் என்ற கட்டளை வழியாக முன்கூட்டியே எழுதிவைக்கிறேன்.

டெபியன் ஃப்ரன்ட்எண்ட் மாறியை, நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற கட்டளைக்குப் பிறகு எழுத வேண்டும். முன்னால் எழுதினால் வழக்கமான அமைப்பில் சூடோ அதைத் துடைத்துவிடும். டெர்மை மட்டும் விட்டுவைக்கும். கணினி முழுவதற்கும் நிரந்தரமாக வைப்பதும் வேண்டாம். பிறகு கையால் இன்ஸ்டால் செய்யும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் வராமல் போகும்.

கான்ஃபிக் கோப்பு (ஒரு நிரலின் அமைப்புகள் இருப்பது) மாறியிருந்தால் வரும் கேள்வி வேறு வகை. அதைக் கேட்பது பேக்கேஜ்களை உண்மையில் நிறுவும் டிபிகேஜி (dpkg). டெப்கான்ஃபுக்குச் சொன்னது அதன் காதில் ஏறாது. ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் என்ற இரண்டு விருப்பங்களையும் அதற்குச் சேர்த்துக் கொடுத்தால் நாம் திருத்திய கோப்பு அப்படியே இருக்கும்.

இப்போது ஸ்கிரிப்டில் டெர்மின் மதிப்பு டம்ப் (dumb, எந்த வசதியும் இல்லாத டெர்மினல்) என்றே இருக்கிறது. டெர்மினல் வசதிகளைக் கேட்டறியும் டிபுட் போன்ற கட்டளைகள் டெர்முக்கு மதிப்பில்லை என்று முறையிடுவது நின்றது. வண்ணக் குறிகள் புகாததால் லாகும் படிக்கச் சுத்தமாக இருக்கிறது. வண்ணம் காட்டும் எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற மதிப்பு, நானே உள்ளே நுழைந்து நானோ என்ற எடிட்டரைத் திறக்கும்போது மட்டும்.