சதுரங்க ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பிஷப்பா, குதிரையா?

சிப்பாய்கள் பலகையின் இரு பக்கமும் இருந்தால் மூலைவிட்டமாக, ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் நகரும் பிஷப்பைத்தான் நான் யோசிக்காமல் எடுப்பேன். ஒரே நகர்த்தலில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்விடும். குதிரைக்கு அதே தூரம் ஆறு தாவல். குதிரை a5-இல் (இடமிருந்து முதல் வரிசை a, அதில் கீழிருந்து ஐந்தாவது கட்டம்) நிற்கிறது, பிஷப் d5-இல் என்று வையுங்கள். குதிரை போகக்கூடிய b7, c6, c4, b3 நான்கும் பிஷப்பின் பிடியில். ராஜா மெல்ல நடந்து வந்து அந்தக் குதிரையைப் பிடித்துவிடலாம்!

இன்னொன்று, குதிரையால் ஒரு நகர்த்தலைச் சும்மா கழிக்க முடியாது. ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பிஷப் அதே மூலைவிட்டத்தில் ஒரு கட்டம் தள்ளி நின்று, நகர்த்தும் முறையை எதிரியிடம் தள்ளிவிடும். 1971-இல் வான்கூவரில் அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர் சோவியத் வீரர் தைமனோவை வென்ற 4-ஆவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். கருப்பின் ராஜா பக்கச் சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் மாட்டிக்கொள்ள, பிஷப் அவற்றைக் குறிவைத்தே குதிரையைக் கட்டிப்போடுகிறது. கடைசியில் ஃபிஷர் அந்தப் பிஷப்பையே g6-இல் பலிகொடுத்து ஜெயிக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத ஆட்டம்.

சரி, குதிரை எப்போது? சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்போது. அங்கே தூரம் ஒரு பொருட்டல்ல, இரண்டு நிறக் கட்டங்களையும் தொடுவதுதான் முக்கியம். உங்கள் சிப்பாய்கள் உங்கள் பிஷப்பின் நிறத்திலேயே அடைபட்டிருந்தாலும் குதிரையே மேல்.

அப்புறம், ஓரச் சிப்பாய். வெள்ளைக்கட்டப் பிஷப்போடு h சிப்பாய் மட்டும் மிஞ்சி, எதிரி ராஜா h8-க்குப் போய்விட்டால் டிராதான். h8 கருப்புக் கட்டம், அந்தப் பிஷப்பால் அதைத் தொடவே முடியாது.