கிளவுட்ஸ்லி வீட்டுச் சாவுகள்: 'தி கேஸ் ஒஃப் த கோல்டன் ஐடல்' விளையாட்டு, மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

சுடுவது, ஓடுவது, எதிரியை வீழ்த்துவது எதுவும் இந்த விளையாட்டில் இல்லை. ஒரு சாவு நடந்து சில நொடிதான் ஆகியிருக்கும். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அவர்களுடைய சட்டைப்பையைத் துழாவலாம், மேசையிலுள்ள கடிதத்தை வாசிக்கலாம், பெட்டியைத் திறந்து பார்க்கலாம். பிறகு யார், யாரை, எதனால், ஏன் என்று எழுத வேண்டும். லட்வியா நாட்டின் கலர் கிரே கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய இது 2022 ஒக்டோபரில் கொம்பியூட்டருக்கு வெளிவந்தது. அடுத்த ஆண்டு நின்டெண்டோ சுவிட்சுக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பார்த்து வரைந்த உலகம், கிளவுட்ஸ்லி என்ற பணக்காரக் குடும்பம், அந்தக் குடும்பத்துக்குள் வந்து சேரும் ஒரு தங்கச் சிலை, அதைச் சுற்றிப் பல பதிற்றாண்டுகளில் விழும் 12 சாவுகள். கதை இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் விளையாடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு திரைகள். முதல் திரையில் தேடுகிறோம். தொடக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக அழுத்தினால் பெயர், பொருள், வினை என்று சொற்கள் கிடைத்து ஒரு பட்டையில் சேரும். இரண்டாவது திரையில் அந்தச் சொற்களை எடுத்து, இடைவெளி விட்டு எழுதிய ஒரு வாக்குமூலத்தை நிரப்புகிறோம். பக்கத்தில் முகப்படங்கள் இருக்கும். அவற்றின் கீழே முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் பொருத்த வேண்டும். சில வழக்குகளில் யார் எந்த அறையில் தங்கினார்கள் என்பது போன்ற துணைப் பலகைகளும் உண்டு. எல்லா இடமும் நிரம்பிய பிறகு இரண்டோ அதற்குக் குறைவாகவோ பிழை இருந்தால் விளையாட்டு அதைச் சொல்லும். எது பிழை என்று சொல்லாது. பிழை அதற்கு மேல் என்றால் சும்மா தவறு என்று மட்டும் காட்டும்.

நிரப்பும் வரிசை முக்கியம். புதிதாக வருபவர்கள் நேராக வாக்குமூலத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் முகங்களுக்குப் பெயர் வையுங்கள், அடுத்து துணைப் பலகைகள், வாக்குமூலம் கடைசி. முகங்கள் உறுதியானால் வாக்குமூலத்தில் பாதி தானாக விழும். பெயர் தெரியாமல் கொலைகாரனைத் தேடுவது வீண் வேலை, ஏனென்றால் கடிதங்களில் முகம் இல்லை, பெயர்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுவதும் இந்தப் பெயர்களில்தான். தலைப்பெழுத்தும் ஒரு பெயருமாக வளர்ந்தவர்களுக்கு, இரண்டு பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்றால் அது பெரிய தடயம் என்பது சட்டென்று உறைக்காது. இங்கே அதுதான் முதல் சாவி. ஒருவருடைய பையிலுள்ள கடிதத்தில் கிளவுட்ஸ்லி என்று முடிந்தால், அவரை வீட்டு ஆள் என்றே எடுக்க வேண்டும். கல்யாணம் கட்டிய பெண் கணவனுடைய குடும்பப் பெயருக்கு மாறியிருப்பாள், ஆகவே பெயரை மட்டும் வைத்துப் பெண்ணை அந்த வீட்டில் பிறந்தவள் என்று முடிவுகட்டக் கூடாது. 'சேர்' பட்டம் எப்போதும் முதற்பெயரோடு ஒட்டும், 'லோர்ட்' பெரும்பாலும் பின்பெயரோடு ஒட்டும். வேலைக்காரரை ஒரு பெயரால் மட்டும் கூப்பிடுவார்கள். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் ஆள் அடையாளச் சிக்கலில் பெரும்பங்கு தீரும்.

அடுத்தது சொத்து. கொலைக்கான காரணத்தைத் தேடும்போது மட்டக்களப்பு மூளை வேறு திசைக்குப் போகும். இங்கே குடி என்ற குல வரிசை தாய்வழியில் வருவது. வீட்டு உறுதி மகளுடைய பெயரில் எழுதப்படும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். பல கோயில்களில் வண்ணக்கர் என்ற நிர்வாகியின் உரிமை கூட தாய்வழியில்தான் இறங்கும். முக்குவர் சமூகத்தின் பழைய சட்டத்தில் முதுசொம் என்ற பரம்பரைச் சொத்து ஆணுடைய பிள்ளைகளுக்குப் போகாமல் அவனுடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. இந்தக் கணக்கோடு கிளவுட்ஸ்லி வீட்டுக்குள் நுழைந்தால், யார் செத்தால் யாருக்கு இலாபம் என்ற கேள்விக்குத் தப்பான விடைதான் வரும். அந்தக் கால இங்கிலாந்தில் பட்டமும் பரம்பரைக் காணியும் மூத்த ஆண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை இல்லையென்றால் பெரும்பாலும் தம்பிக்கோ தம்பி மகனுக்கோ. கல்யாணம் கட்டிய பெண்ணின் அசையும் சொத்து கணவனுக்குப் போய்விடும், அவளுடைய காணியை ஆள்வதும் அவன்தான். அங்கே கல்யாணம் கட்டிய பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் 1870 இலும் 1882 இலும்தான் மாறின. ஆகவே கல்யாணம், மரண சாசனம், பட்டம் என்று ஒரு கடிதத்தில் வந்தால் அங்கே நின்று இரண்டு தரம் வாசிக்க வேண்டும். சிலையின் மாயத்தை விட சாசனம்தான் இந்தக் குடும்பத்தில் அதிக ஆட்களைக் கெடுக்கிறது என்பது எங்கள் கருத்து. போடியார் என்ற பெரிய நிலக்காரர் வீட்டுக் காணி வழக்குகளைக் கேட்டு வளர்ந்த ஊரில் இது விளங்காமல் போகாது, வாரிசுக் கோடு ஓடும் திசையை மட்டும் மாற்றிப் போட வேண்டும்.

குடும்ப மரம் ஒன்றை வெளியே வரைவது கட்டாயம். வழக்குகளுக்கு இடையில் ஆண்டுகள் ஓடிவிடும். முதலில் இளைஞனாகப் பார்த்தவரின் தலை பின்னால் நரைத்திருக்கும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, மேலே ஆண்டு, கீழே பெயர், பக்கத்தில் அவர் அப்போது வைத்திருந்த பொருள், இவ்வளவும் போதும். பொருள் ஏன் என்றால், சிலையும் பணமும் கடிதமும் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுவதுதான் மொத்தக் கதையும்.

குறைகளுக்கு வருவோம். தமிழில் இல்லை, இது பெரிய குறை. கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டுப் பாணியில் நீட்டி முழக்கி எழுதப்பட்டவை. உயர்தரத்தில் ஆங்கிலத்தைச் சமாளிக்கிற பிள்ளைக்கும் சில வரிகளில் மூச்சு வாங்கும். தனியாக உட்காருவதை விட மூன்று பேராக விளையாடுவது நல்லது: ஒருவர் வாசித்துத் தமிழில் சொல்ல, ஒருவர் மரம் வரைய, ஒருவர் மௌஸைப் பிடிக்க. லெப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் டிவியோடு இணைத்தால் கடித எழுத்து கண்ணைக் குத்தாது.

இரண்டாவது குறை, ஊகத்துக்குத் தண்டனை இல்லை. எத்தனை தரமும் நிரப்பிப் பார்க்கலாம். இரண்டு பிழை என்று வந்ததும் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு கட்டத்தில் விழுந்துவிடும். விழுந்த பிறகு ஏன் சரி என்று விளங்காது, அந்த ஓட்டை அடுத்த வழக்கில் கழுத்தைப் பிடிக்கும். அப்படி விழுந்தால், உரிய தடயத்தைத் தேடிக் கண்டுபிடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். உதவிக் குறிப்பு வசதி இருக்கிறது, எடுத்த எடுப்பில் விடையைத் தூக்கித் தராது என்பது அதன் நல்ல குணம். யூடியூப்பில் தீர்வு பார்ப்பது காசைக் கொட்டிவிட்டு வெறும் கையோடு எழும்புவதுதான், ஒரு வழக்கை இரண்டாம் தரம் புதிதாகத் தீர்க்க முடியாது.

பிற்பாதி வழக்குகளில் ஆட்களும் அறைகளும் கூடுகின்றன, அரசியலும் புகுந்துவிடுகிறது. முற்பாதியின் இறுக்கம் அங்கே கொஞ்சம் தளர்கிறது. படங்கள் பழைய கொம்பியூட்டர் விளையாட்டுப் பாணியில் புள்ளி புள்ளியாக, முகங்கள் வேண்டுமென்றே கோணலாக வரையப்பட்டவை. அழகில்லை, ஆனால் மறக்காது. இரத்தமும் பிணமும் தாராளம், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம்.

2023 இல் இரண்டு துணைக் கதைகள் வந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று வழக்குகள். ஒன்றின் பெயர் 'தி ஸ்பைடர் ஒஃப் லங்கா'. பெயரைப் பார்த்து நம்ம நாடு என்று துள்ள வேண்டாம். அது கற்பனை அரசு, அரண்மனையும் உடையும் தெற்காசியச் சாயல், அவ்வளவே. கதை நடக்கும் 1740களின் தொடக்கத்தில் உண்மையில் கண்டியில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரசனாக இருந்தான், மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். விளையாட்டில் இரண்டு பேரும் இல்லை. 'தி லெமூரியன் வம்பயர்' என்ற மற்றதில் குமரிக் கண்டத்தைத் தேடுபவர்களுக்கும் அதே பதில்தான். வழக்குகளாகப் பார்த்தால் இரண்டும் மூலத்தை விடக் கடினம், கட்டுமானம் நெருக்கம். கதைப்படி இவை முன்னால் நடப்பவை என்றாலும் மூல விளையாட்டை முடித்த பிறகே தொடுங்கள். 2024 இல் வந்த 'தி ரைஸ் ஒஃப் த கோல்டன் ஐடல்' 1970களில் நடக்கும் தனிக் கதை, அதற்கு வேறு மதிப்பீடு வேண்டும்.

மூல விளையாட்டு முடிய ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும், நிதானமாக வாசிப்பவர்களுக்குப் பத்தும் ஆகலாம். கனமான கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை, வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண லெப்டொப் போதும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலங்கைக்கு விலை டொலரில் காட்டும், ரூபாவில் இல்லை. வங்கி அட்டையில் வெட்டும்போது மாற்றுக் கட்டணமும் சேரும், அதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் வரும் பெரிய விலைக்கழிவு விற்பனை வரை பொறுத்தால் இலாபம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டாமல் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் இரண்டு மூன்று வழக்குகள் அந்த நேரத்துக்குள் அடங்கும். மூன்றாவதை முடிக்கும்போதும் ஆங்கிலம்தான் தடையாக நிற்கிறது என்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள், நாலாவதிலிருந்து கடிதங்கள் இன்னும் கூடும்.