கார்டை மாற்றும் முன் பிரசன்ட்மானை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கேம் திக்கித் திக்கி ஓடினாலே கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் புது கார்டு வாங்கும் முடிவுக்கே வந்துவிட்டேன். அதற்கு முன், கேம் ஓடும் வேகத்தை ஃபிரேம் ஃபிரேமாக அளந்து காட்டும் மென்பொருளான இன்டெல்லின் பிரசன்ட்மானை ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பார்த்தேன், நல்ல வேளை.

இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸுக்கு மட்டும். இன்டெல் செய்தது என்றாலும் என்விடியா, ஏஎம்டி கார்டுகளிலும் வேலை செய்கிறது. 2023 ஆகஸ்டில் இதில் சேர்த்த 'ஜிபியு பிஸி' என்ற அளவுதான் எனக்கு இதன் உயிர்நாடி. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே ஆகும் நேரம் ஃபிரேம் டைம், 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) என்றால் 16.7 மில்லி செகண்ட். அந்த நேரத்தில் கார்டு எவ்வளவு நேரம் நிஜமாகவே உழைத்தது என்பதை ஜிபியு பிஸி காட்டும். இரண்டும் ஒட்டியே போனால் கார்டுதான் தடை. நடுவில் பெரிய இடைவெளி விழுந்தால் கார்டு பிராசசருக்காகக் காத்துக்கிடக்கிறது.

என் கேமில் ஊருக்கு வெளியே கிராஃபில் இரண்டு கோடுகளும் 9 மில்லி செகண்டில் ஒட்டிக்கொண்டு போயின. கூட்டம் நிறைந்த தெருவுக்குள் நுழைந்ததும் ஃபிரேம் டைம் 15-க்கு ஏறியது, ஜிபியு பிஸி 8-லேயே நின்றது. டாஸ்க் மேனேஜரிலோ பிராசசர் 35 சதவீதம்தான். அந்த எண்ணை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பாதை) உள்ள பிராசசரில் ஒரு த்ரெட் முழுசாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சந்தேகம் தீர ரெசல்யூஷனை 1440-லிருந்து 1080-க்கு இறக்கினேன், ஜிபியு பிஸி 5-க்கு வந்தது, ஃபிரேம் டைம் அசையவே இல்லை. சரி, பிராசசர் பக்கம்தான் கோளாறு என்று கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தால், 3200 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருக்கிறது, ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் செய்யப்படவே இல்லை! அதை ஆன் செய்து, கேமில் கூட்டத்தின் அளவையும் ஒரு படி குறைத்ததும் அதே தெருவில் ஃபிரேம் டைம் 11.

குறை இல்லாமல் இல்லை. ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிப்போடும் வி-சிங்க்கோ எஃப்பிஎஸ் லிமிட்டோ ஆனில் இருந்தால், பிராசசர் நன்றாக இருந்தாலும் அதே இடைவெளி தெரியும், அதை நாம்தான் முதலில் ஆஃப் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் கேம் திரையின் மேலேயே தெரியும் ஓவர்லேயில் காட்டக்கூடிய அளவுகள் ஏராளம், புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். ஃபிரேம் டைம், ஜிபியு பிஸி இரண்டை மட்டும் கிராஃபாக வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். சராசரி எண்ணை விட கிராஃப் முக்கியம், எப்போதாவது ஒருமுறை குத்தென்று எழும்பும் திக்கல் சராசரியில் தெரியாது.

கார்டைக் கண்காணிக்கப் பலரும் வைத்திருக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஜிபியு யூசேஜ் 97, 98 என்று நிலையாக நின்றால் கார்டுதான் எல்லை என்று அதுவே சொல்லிவிடும். 70-ல் நின்றால் ஏன் என்பதற்குப் பிரசன்ட்மானிடம்தான் வர வேண்டும்.

கார்டு அதேதான் இன்னும் ஓடுகிறது. அடுத்து எதையாவது மாற்றினால் அது பிராசசராகத்தான் இருக்கும்.