குளிர்காலத்துக்கு எந்த சைக்கிள் டயர்? ரோட்டுலயும் ஓடணும், காட்டுச் சகதியிலயும் ஓடணும்

லண்டன்ல குளிர்காலம்னாலே பனி கொட்டும்னு ஊர்ல இருக்கவங்க நெனைச்சுக்குவாங்க, ஆனா கிழக்கு லண்டன் பக்கம் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களைப் படுத்துறது ஈரம்தான். இல்ஃபோர்டுல கெளம்பி, ரோட்டுல போயி எப்பிங் ஃபாரஸ்ட்ல நுழைஞ்சு, லீ கால்வாய்க்கரை வழியா திரும்புறீங்கன்னு வைங்க, ஒரே ரவுண்டுல ஈரத் தார் ரோடு, சரளை, களிமண், அழுகின இலைக்குக் கீழ ஒளிஞ்சிருக்கற வேரு எல்லாம் வந்துடும். இதுக்கு ஒரே டயர் போதுமான்னு அடிக்கடி கேக்குறாங்க, அதான் நாலு வகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்னு.

மொதல்ல ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ். ஆபீஸுக்கு ஓட்டுறவங்க கண்ணை மூடிட்டு வாங்குறது. தரையில படுற ரப்பருக்குக் கீழ 5 மிமீ தடிமனுக்கு ஒரு ரப்பர் படுக்கை இருக்கு, நோட்டீஸ் போர்டுல குத்துற தட்டைத்தலை பின்னு ஏறினாலும் ட்யூப் வரைக்கும் போய்ச் சேராது. குளிர்காலத்துல இது சின்ன விஷயம் இல்லீங்க. ரப்பர் நனைஞ்சிருந்தா கண்ணாடித் துண்டு வழுக்கிட்டு சுலபமா உள்ள எறங்கும். அதோட இங்க மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பறவைங்க கூடு கட்டுற காலம்னு செடி வேலியை வெட்ட மாட்டாங்க, அதனால வெட்டு வேலை பூரா இலையுதிர்காலத்துலயும் குளிர்லயும்தான் நடக்கும், வெட்டிப்போட்ட ஹாத்தார்ன்ங்கற வேலிச்செடியோட முள்ளு அப்படியே பாதையில கெடக்கும். ஆனா டயர் முக்கால் கிலோவுக்கு மேல கனம், ரிம்ல ஏத்துறதுக்குள்ள கட்டைவிரல் போயிடும், ஈரப் புல்லு ஏத்தத்துல பின்சக்கரம் சும்மா நின்ன இடத்துலயே சுத்தும். காட்டுக்குள்ள போறது எப்பவாவதுன்னா மட்டும் இது.

அடுத்தது பனரேசர் கிராவல்கிங் எஸ்கே மாதிரி சின்னச் சின்னப் பட்டன் (மேல துருத்திட்டு நிக்கிற ரப்பர் கட்டி) வெச்ச கிராவல் டயர், 38 மிமீ சைஸ்ல. கனம் மாரத்தான் ப்ளஸ்ல பாதி பக்கம்தான். நடுவுல பட்டன் நெருக்கமா இருக்கறதால ரோட்டுல இழுக்காது, சரளைப் பாதையில அருமை. ஆனா எப்பிங் ஃபாரஸ்ட்ல மேட்டுப் பக்கம் சரளை மண்ணு, பள்ளத்துல எறங்கினா லண்டன் களிமண், அங்கதான் இதோட சாயம் வெளுக்கும். ரெண்டு சுத்துல பட்டன் இடுக்கு பூரா மண்ணு அடைச்சு டயர் மொட்டையாயிடும், அதுமேல இலை ஒட்டி, ஃபிரேம் இடுக்குல சாந்து பூசின மாதிரி இறுகி, குச்சியால நோண்டி எடுக்கணும்.

அதுக்குன்னே பெரிய பட்டனை எட்ட எட்ட வெச்ச சைக்ளோக்ராஸ் (சகதி, புல்லுல நடக்கற சைக்கிள் ரேஸ்) சகதி டயர் இருக்கு, மண்ணு ஒட்டாம தெறிச்சுடும். ரேஸ் விதிப்படி 33 மிமீக்கு மேல போகக்கூடாதுங்கறதால ஒல்லியா செய்வாங்க. ரேஸுக்கு அது சரி. நம்ம ரைடுல பாதி தார் ரோடு, ஈர ரோட்டு வளைவுல சாய்ச்சா அந்தப் பட்டனெல்லாம் நெளியும், வயித்தைக் கலக்கும், பின் டயர்ல நடுப்பட்டன் சீக்கிரமே தேஞ்சும் போயிடும். சைக்கிளுக்கு ரோட்டுல பட்டன் எந்த உதவியும் பண்ணாது, கார் டயர் மாதிரி தண்ணியை ஒதுக்கற காடி இதுக்குத் தேவையே இல்ல, ஈர ரோட்டுல பிடிச்சு நிக்கிறது ரப்பரோட தரமும் காத்து அளவும்தான். கடையில வழவழ டயரைப் பாத்து பயப்படுறவங்க இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கணும்.

நாலாவது ஆணி டயர், ஷ்வால்பே மாரத்தான் வின்டர் ப்ளஸ், ஃபின்லாந்து பிராண்டான சுவோமி டயர்ஸ் (முன்னாடி நோக்கியன்னு வித்தது) டபிள்யூ106 இந்த மாதிரி. அந்த 106ங்கறது ஆணி எண்ணிக்கை, நல்ல கெட்டியான டங்ஸ்டன் கார்பைடு முனை. புதுசா மாட்டினதும் கொஞ்ச தூரம் ரோட்டுல நிதானமா ஓட்டி ஆணியை உக்கார வைக்கணும், எடுத்ததும் சடன் பிரேக் போட்டா கழண்டு தெறிக்கும். காய்ஞ்ச ரோட்டுல சரசரன்னு சத்தம், கனம், வேகமும் போயிடும். லண்டன்ல ஐஸ் புடிக்கிற நாளு கம்மி, ஆனா அந்த நாள்ல கவுன்சில் உப்பு போடுறது பெரிய ரோட்டுக்குத்தான், கால்வாய்க்கரைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி ஷிஃப்ட்டுக்கு சைக்கிள்லதான் போயாகணும்னா வாங்குங்க, ஒரு தடவை கீழ விழுந்தா ஆகுற செலவை விட கம்மிதான். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுறவங்க ஐஸ் அன்னிக்கு வீட்டுல டீ குடிக்கலாம்.

என் கணக்கு வேற, ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் போடணும்னு யாரு சொன்னது? முன்சக்கரம் வழுக்கினா நேரா தரைதான், பின்சக்கரம் வழுக்கினா பெரும்பாலும் சமாளிச்சுடலாம். ஆனா நம்ம எடை பின்னாடிதான் அதிகம் ஏறுது, பஞ்சரும் அங்கதான் அதிகம். அதனால முன்னாடி கொஞ்சம் விட்டு விட்டுப் பட்டன் இருக்கற 40 மிமீ, டபிள்யூடிபி நானோ மாதிரி, பின்னாடி 38 எஸ்கே, ரெண்டும் ட்யூப்லெஸ் ஆக்கி சீலன்ட் (ஓட்டையை அடைக்கற திரவம்) ஊத்திட்டா சின்ன முள்ளு ஓட்டை தானா அடைஞ்சுக்கும், விரல் மரத்துப்போன குளிர்ல ரோட்டோரம் ட்யூப் மாத்துற கொடுமை பெரும்பாலும் இல்ல. ட்யூப்தான் போடுவேன்னா பஞ்சர் ஆனப்ப புது ட்யூபை அவசரமா மாட்டாதீங்க, பஞ்சுக் கையுறையை டயர் உள்பக்கம் ஒரு சுத்து மெதுவா இழுத்துப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத முள்ளு முனையில நூல் மாட்டி நிக்கும்.

காத்து, 75 கிலோ ஆளுக்கு இந்த சைஸ்ல ட்யூப்லெஸ்னா 30 பிஎஸ்ஐ பக்கம், ட்யூப்னா 40 பக்கம் வெச்சு ஆரம்பிச்சு, முன்னாடி ரெண்டு மூணு கம்மியா வைங்க. வாங்குறதுக்கு முன்னாடி மட்கார்டு இடைவெளியை அளந்துடுங்க, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல 6 மிமீயாவது இல்லன்னா 40 வேணாம், 35ல எறங்கிடுங்க, ஏன்னா களிமண் மட்கார்டுக்குள்ள அடைச்சா சைக்கிளை நீங்கதான் தூக்கிட்டு வரணும்.