நெய்யைக் குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" மூன்றரை என்றால் பாட்டி முகத்தில் பூரிப்பு. அந்த மூன்றரையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. குழந்தைக்குக் கொழுப்பு அதிகம் சேராமல் இருக்க என்று கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்பவர்களோ இரண்டு கட்சி. "நெய், எண்ணெயைக் குறை" என்பது ஒன்று. "சோற்றைக் குறை" என்பது இன்னொன்று.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தது அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஹெல்தி ஸ்டார்ட் ஆய்வு. குழந்தையைத் துணியில்லாமல் ஒரு சின்னக் கூண்டுக்குள் சில நிமிடம் படுக்க வைப்பார்கள். பீ பாட் என்று பெயர். உடம்பு எவ்வளவு காற்றை விலக்குகிறது என்று பார்த்து, எடையோடு சேர்த்துக் கொழுப்பைக் கணக்கிடும் கருவி அது. இப்படி 1,040 தாய்-சேய் ஜோடிகளின் கணக்கு 2016-இல் வெளியானது.

தாய் கொழுப்பிலிருந்து கூடுதலாக எடுத்த ஒவ்வொரு 100 கலோரிக்கும் குழந்தையின் கொழுப்பு சுமார் 4.2 கிராம் கூடியிருந்தது, மாவுச்சத்துக்கு 2.9 கிராம். நெய், வெண்ணெய் வகை நிறைவுற்ற கொழுப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் 11.1 கிராம். புரதத்துக்கு இதில் பங்கே தெரியவில்லை. தாய் ஒல்லியா பருமனா என்பதைக் கழித்த பிறகும் இதே நிலைதான். வேடிக்கை என்னவென்றால், பிறப்பு எடை இதனால் மாறவில்லை.

அப்போ நெய்தான் குற்றவாளியா? அவசரப்பட வேண்டாம். இது சாப்பிட்டதைக் கேட்டுக் குறித்த ஆய்வு. சாப்பிட வைத்துப் பார்த்த ஆய்வு அல்ல. அதையும் கொலராடோவிலேயே செய்தார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குச் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மாவுச்சத்து 40 சதவீதம், கொழுப்பு 45. இன்னொன்றுக்கு மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து 60, கொழுப்பு 25. கலோரி இருவருக்கும் சமம். பிறந்த குழந்தைகளின் கொழுப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் என் கணக்கில் ஆட்டம் டிரா.

சோற்றுக் கட்சியிலும் நியாயம் உண்டு. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலின் சுரக்கிறது, மிஞ்சியது கொழுப்பாகத் தங்குகிறது. ஆக, சர்க்கரை ஏறும் அம்மாவுக்குச் சர்பத்தும் பேக்கரி பன்னும்தான் முதலில் போக வேண்டியவை. பன்னில் மைதாவோடு கொழுப்பும் உண்டு. இரண்டு கட்சிக்கும் பொது எதிரி.

ஆனால் கொலராடோ தட்டை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டுவர முடியாது. புனே அருகே ஆறு கிராமங்களில் 1990-களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் பார்த்த தாய்மார்கள் மெலிந்தவர்கள். நாளுக்குச் சுமார் 1,800 கலோரிதான் சாப்பிட்டார்கள். குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகள் 3.5. தசையும் வயிற்றுச் சுற்றளவும் நன்றாகவே குறைவு. ஆனால் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை இடுக்கியால் பிடித்து அளந்தால், அங்கே மட்டும் வித்தியாசம் அவ்வளவு இல்லை. மெலிந்த உடம்பு, உள்ளே கொழுப்பு!

அங்கே கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்தவை நீளமும் எடையும் கூடிய குழந்தைகள். கீரை, பழம், பால் சாப்பிட்டவர்களின் குழந்தைகளும் பெரிதாக இருந்தன. தாய்மாரில் மூன்றில் இரண்டு பேருக்கு பி12 வைட்டமின் குறைவு. ஆறு வயதில் பார்த்தபோது, கர்ப்பத்தில் ஃபோலேட் (ஃபோலிக் மாத்திரை தரும் வைட்டமின்) அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கொழுப்பு கூடுதல். ஃபோலேட் அதிகம், பி12 குறைவு என்று இரண்டும் சேர்ந்த இடத்தில் இன்சுலின் வேலை செய்வதும் மிக மோசம்.

என்னைக் கேட்டால், மூன்றாவது வழிதான்: எதைக் கழிக்கலாம் என்பதற்கு முன்னால் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்பது. இரண்டாவது கரண்டிச் சோற்றின் இடத்தில் கீரைக் கூட்டு, ஒரு கிண்ணம் தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை அல்லது மீன். பருப்புச் சோற்றில் விடும் ஒரு ஸ்பூன் நெய்யோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். கீரையில் பி12 கிடையாது. அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். இதைப் படித்துவிட்டு ஃபோலிக் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், குழந்தையின் தண்டுவடத்துக்கு அது அவசியம். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.