பன்னிரண்டு புல்லட்டும் ஒரு மழைக்குழாயும்

போன வாரம் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு ராத்திரி கொட்டிய மழையில் எங்கள் மொட்டை மாடியில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நின்றுவிட்டது. மறுநாள் பிளம்பர் வந்து குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். முதலில் ஒரு கை வேப்பஞ்சருகு வந்தது. பின்னாலேயே நீல நிறத்தில் நான்கு நுரை புல்லட், மகளின் பொம்மைத் துப்பாக்கியில் போட்டுச் சுடுகிற ஃபோம் குச்சிகள்.

"என்னங்ண்ணா இது, மாட்டுக்குக் குடுக்கற மாத்திரையா?"

கூலி 500 ரூபாய். அதே நாளில்தான் கூட வேலை பார்க்கும் நண்பர், "அந்த நுரை புல்லட் துப்பாக்கி ஆன்லைன்ல விலை இறங்கிக் கிடக்குது, பையனுக்கு வாங்கலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே" என்று கேட்டார். நல்ல நேரம் பார்த்துக் கேட்டார். அவருக்கு வாட்ஸப்பில் பதில் போட ஆரம்பித்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

எங்களிடம் இருப்பது பேட்டரி இல்லாத ஸ்பிரிங் மாடல். ஆறு புல்லட் அடுக்கிப் போடுகிற மேகசின், பெட்டியில் மொத்தம் பன்னிரண்டு. மகளுக்கு எட்டு வயதானபோது வாங்கியது, இரண்டரை வருஷம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இதே அச்சில்தான் வார்க்கிறார்கள்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி அருமை. இரண்டு முறை மாடிப்படியில் உருண்டிருக்கிறது, ஒரு முறை அக்கா பையன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு விரிசல் கிடையாது. உள்ளே பெரிய வித்தையும் கிடையாது, சைக்கிள் பம்ப்தான். மேல் கைப்பிடியை இழுத்தால் பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் போய்க் கொக்கியில் மாட்டும். விசையைத் தட்டினால் கொக்கி விட்டு, பிஸ்டன் முன்னால் பாய்ந்து, அந்தக் காற்று புல்லட்டைத் தள்ளும். போன வருஷம் இழுக்கும்போது லொடலொடவென்று ஆகி, புல்லட் காலடியிலேயே விழ ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்து காற்று ஓரமாகக் கசிகிறது. கடைவீதியில் மோட்டார் சாமான் கடையில் பத்து ரூபாய்க்கு அதே அளவில் ஒன்று வாங்கி, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிப் போட்டேன். அவ்வளவுதான் ரிப்பேர். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே எண்ணெயை மட்டும் இதற்குள் அடிக்காதீர்கள். சில வகை ரப்பர் ஊதிவிடும்.

பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் நான் திறந்து வைத்திருந்ததை எட்டிப் பார்த்து, "அண்ணா, அந்த வால்வைக் கழட்டிட்டு முரட்டு ஸ்பிரிங்கா ஒண்ணு போட்டா சும்மா பறக்கும்" என்றான். அந்த வால்வு எதற்கு என்றால், புல்லட் உட்கார்ந்து தள்ளினால்தான் காற்றுக்கு முழு வழி விடும். பென்சிலையோ கூழாங்கல்லையோ போட்டுச் சுட முடியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. கழட்டவில்லை. எதையும் மாற்றாத துப்பாக்கியில் சுட்டதே கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்துதான். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2017-ல் எழுதியிருக்கிறார்கள்: நுரை புல்லட் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து மூன்று பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பெரியவர்கள். எங்கள் வீட்டில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மாடி ஏறக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை அதிகம் மீறுவது நான்தான்.

சரி, புல்லட்டுக்கு வருகிறேன். இரண்டரை வருஷமாக என் வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான்.

ஏழு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், 13 மில்லிமீட்டர் தடிமன், ஒரு கிராம் எடை, நுனியில் ரப்பர் தலை. இறகுப் பந்து மாதிரிதான் இதுவும்: முன்னால் கனம் இருந்தால்தான் நேராகப் போகும். அந்தத் தலை நூலளவு சாய்ந்து ஒட்டியிருந்தாலும் பத்து மீட்டர் தாண்டுவதற்குள் ஆட்டோ திரும்புகிற மாதிரி திரும்பிவிடும். பெட்டியில் 27 மீட்டர் என்று போட்டிருந்தது. கொத்தனாரிடம் நீள டேப் வாங்கி மாடியில் அளந்தேன். தோள் உயரத்தில் நேராகப் பிடித்துச் சுட்டதில் புதுப் புல்லட் பதினோரு மீட்டரில் தரை தொட்டது. வானத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தால் அந்த 27 வருமோ என்னவோ. அப்படிச் சுட்டது எதிர்வீட்டு விசைத்தறிக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. அளக்க ஆள் போக முடியாது. முதல் இழப்பு அதுதான். தறிச் சத்தத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்கவும் இல்லை.

அடுத்தது ஏற்காடு. டிசம்பரில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது மகள் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியிலேயே வைத்திருந்தாள். காப்பித் தோட்டத்தில் ஒரு மத்தியானம் விளையாடியதில் பதினொன்று ஏழானது. நீலக் கலர் பளிச்சென்று தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சில்வர் ஓக் சருகு மெத்தை மாதிரி கிடக்கிற இடத்தில் கலராவது ஒன்றாவது. "தோட்டத்துல பிளாஸ்டிக் போடறதுக்கா மலையேறி வந்தீங்க?" என்று சித்தப்பா பிடித்துக்கொண்டார். நியாயம்தான். மறுநாள் பழம் பறிக்கிற அக்கா ஒருவர் கூடையைக் கொட்டும்போது, சிவந்த காப்பிப் பழத்துக்கு நடுவே இரண்டு நீலம் உருண்டு வந்தது. துடைத்து மகள் கையில் கொடுத்தார். ஆக ஒன்பது.

அதற்கப்புறம் சேலத்து வெயில். மார்ச் தாண்டினால் காருக்குள் என்ன கொதி கொதிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகசினை டிக்கியில் மறந்து வைத்துவிட்டேன். தலையை ஒட்டியிருக்கும் பசை இளகி, எடுத்துச் சுட்டால் மூன்று புல்லட்டுக்குத் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். உடனே ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டினேன். ஒட்டியது. ஆனால் காய்ந்த பிறகு நுனி கல் மாதிரி இறுகிவிட்டது. என் தொடையிலேயே சுட்டுப் பார்த்து, அந்த மூன்றையும் குப்பையில் போட்டேன்.

உதிரிப் பாக்கெட் வாங்கலாமே என்பீர்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கடையில் ஐம்பது புல்லட் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. பாதி குழலுக்குள் நுழையவே இல்லை, பாதி சுடுவதற்கு முன்பே தானாக வழுக்கி விழுந்தது. ஒரு நூல் தடிமன் கூடினால் சிக்கும், குறைந்தால் காற்று ஓரமாக ஓடிவிடும். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் முத்திரைக்குப் பதிலாக ஒரு புலிப் படம் இருந்தது. கம்பெனியின் சொந்தப் புல்லட் கச்சிதமாகப் பொருந்துகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று பாக்கெட் வாங்கினால் துப்பாக்கி விலை வந்துவிடுகிறது. நான் ஏற்கெனவே இரண்டு வாங்கியாயிற்று.

எனவே நண்பரே, விலை இறங்கியிருப்பது துப்பாக்கிக்கு மட்டும்தான்.

இவ்வளவு திட்டுகிறேனே, வீட்டில் வேறு எந்தப் பொம்மையும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ரிமோட் கார் பரணில் கிடக்கிறது. இதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாராவது எடுத்துவிடுகிறார்கள். எங்கள் அம்மாயிக்கு எழுபது தாண்டியாயிற்று, அந்தக் கைப்பிடியை இழுக்கப் பலம் போதாது. "இழுத்துக் குடுறா" என்று என்னிடம் நீட்டிவிட்டு, சுவரில் அடுக்கிய காலி தீப்பெட்டிகளில் மூன்றுக்கு இரண்டு தட்டிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான், சட்டப்படி.

மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மழைக்கு முந்தின நாள் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். அம்மாயி மூன்றுக்கு மூன்று அடித்திருந்தால் நாலரை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் துப்பாக்கியோடு சேர்த்தே ஒரு பாக்கெட் புல்லட்டும் வாங்கிவிடுங்கள், சுடுவதற்கு முன் எண்ணுங்கள், கீழே இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை எண்ணுங்கள், ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

குழாயில் வந்த நான்கையும் மகள் சோப்புப் போட்டுக் கழுவி, துணிக் கிளிப்பில் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். எத்தனை மாதம் சகதியில் கிடந்ததோ, மூன்று இன்னும் நேராகவே போகிறது. நாலாவது, நான் சுட்டது, தறிக் கொட்டகை மேலே. குழாய் வாய்க்குப் புதுச் சல்லடை போட்டாயிற்று. 80 ரூபாய். அதையும் துப்பாக்கிக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.