"ரூட்டர் போயிடுச்சு" என்று சொன்னால் உடனே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். நெட் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அந்த அவசரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, எங்கள் ஏரியாவுக்கு வரும் ஃபைபர் டெக்னீஷியன் ஒருவர் இரண்டு மாதத்தில் என்னிடம் 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டார். கோளாறு ரூட்டரில் இல்லவே இல்லை. கம்பெனி பெயரையும் அவர் பெயரையும் இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே பேச்சை உங்கள் வீட்டிலும் யாராவது பேசியிருக்கலாம்.

ஆனி மாதம் கொழுந்தனார் கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். அப்போது மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஃபைபர் கேபிளைக் கழற்ற வேண்டியிருந்தது. பெயின்ட் வேலை முடிந்ததும் புகார் போட்டேன். அவர் வந்து, சுவரில் புதிதாகத் துளை போட நேரமில்லை என்று சொல்லி, கேபிளை முன்னறை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துப் பெட்டியில் செருகினார். "ஷிஃப்டிங் சார்ஜ் 500, மேடம்." கொடுத்தேன். நெட் வந்தது. போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டார், சொன்னேன். அந்த ஓடிபி எதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

ஒரு வாரத்துக்குள் சாயங்கால நேரத்தில் நெட் நிற்க ஆரம்பித்தது. காலையில் எல்லாம் சரியாக ஓடும். ஆறு, ஆறரைக்கு மேல் வாட்ஸாப்கூடச் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ஐந்து நிமிடம் வரும், மறுபடி போகும். போனில் மட்டும் வைஃபை குறி முழுசாக இருக்கும். ஃபைபர் நுழையும் பெட்டியில், அதை ஓஎன்டி என்பார்கள், எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். அதைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்தார். வந்தபோது நெட் ஜோராக ஓடியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாக்ஸ் ஹீட் ஆகுது மேடம். சாயங்காலம் லோடு ஏறினா தாங்கல. இதுல இருக்கற வைஃபை போயிடுச்சு. தனியா ஒரு ரூட்டர் போட்டாத்தான் சரியாகும்." வண்டியிலேயே ஒரு ரூட்டர் தயாராக இருந்தது. 2,400 ரூபாய். பணத்தை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார். பில் அப்புறம் வரும் என்றார். பில் இன்றுவரை வரவில்லை. மறுபடி ஓடிபி கேட்டார், மறுபடி சொன்னேன்.

அன்று சாயங்காலமே மறுபடி சிவப்பு விளக்கு.

அடுத்த முறை வந்தபோது கதை மாறியது. ரூட்டர் நல்ல ரூட்டர்தானாம். பழைய காலத்துச் சுவர் என்பதால் சிக்னல் உள் அறை வரைக்கும் போகவில்லையாம். "ஒரு எக்ஸ்டென்டர் போட்டுடலாம்" என்று 1,900 வாங்கினார். போதாததற்கு, 100 எம்பிபிஎஸ் பிளான் பத்தாது, 200-க்கு மாறினால் தடுமாற்றம் நிற்கும் என்று சொல்லி மாதம் 200 ரூபாய் கூடுதலான பிளானுக்கு மாற்றிவிட்டார். வந்த இரண்டு தடவைக்கும் விசிட் சார்ஜ் 300, 300.

ஜூலை 20-ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி 3பி படிவத்துக்குக் கடைசி நாள். நான்கு கடைக்காரர்களின் கணக்கு பாக்கி. ஆறரை மணிக்கு நெட் போனது. தாமதித்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம். கட்டப்போவது என்னை நம்பிய கடைக்காரர். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, இரவு பதினொன்றே முக்காலுக்குக் கடைசிப் படிவத்தை அனுப்பினேன். கை நடுங்கியது. மறுநாள் காலை அவருக்கு போன் செய்தால், "ஓஎன்டியையே மாத்தணும் மேடம், 3,500 ஆகும்" என்றார்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தம்பியிடம் போனேன். அவர் வேறொரு கம்பெனியில் ஃபைபர் ஒட்டும் வேலை பார்க்கிறார். "அக்கா, எதுவும் வாங்காதீங்க. சாயங்காலம் நெட் போற நேரத்துல நான் வந்து பாக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. கோளாறு இருக்கும் நேரத்தில் வந்து பார்க்கிறேன் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு வந்தார். கையடக்கமான ஒரு மீட்டர். ஓஎன்டியிலிருந்து பச்சை முனையைக் கழற்றி மீட்டரில் செருகினார். மைனஸ் 19 என்று காட்டியது. "நல்லாத்தான் இருக்கு அக்கா, காத்திருப்போம்" என்றார். காபி குடித்துக்கொண்டிருந்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறோம், கொசுவைக் கேட்கவே வேண்டாம். ஆறு மணி ஆனதும் வழக்கம்போல மாமியார் வந்து முன்னறை ஜன்னலைச் சாத்தினார். மீட்டரில் எண் மைனஸ் 29-க்கு இறங்கியது.

தம்பி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். மைனஸ் 19. சாத்தினார். மைனஸ் 29. மூன்று முறை செய்து காட்டினார். மரக் கதவின் கீல் பக்கம் உள்ள இடுக்கில் கேபிள் மாட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது நசுங்கிக் கூர்மையாக மடிந்தது. கருப்பு உறையில் பல் பதிந்த மாதிரி ஒரு தடம். காலையில் ஜன்னல் திறந்திருக்கும், நெட் ஓடும், டெக்னீஷியன் வருவார், ரூட்டரைக் குறை சொல்வார். சாயங்காலம் ஜன்னல் சாத்தப்படும், நெட் போகும். கேபிளை அந்த ஜன்னலில் விட்டவரே அவர்தான். மாமியார் அன்று முழுவதும், "என்னாலதானா இவ்வளவும்?" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்.

அந்த எண்ணைப் பற்றித் தம்பி சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அது ஃபைபரில் வரும் ஒளியின் அளவு. டிபிஎம் என்று மைனஸ் எண்ணில் சொல்வார்கள். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க ஒளி அதிகம். மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது. நம் வீடுகளில் இருக்கும் ஜிபான் வகைப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. எங்கள் வீட்டில் நடந்தது அதேதான். இதைப் பார்க்க மீட்டர்கூடத் தேவையில்லை. பல ஓஎன்டிகளில் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆர்எக்ஸ் பவர் என்று அந்த எண் இருக்கும். டெக்னீஷியன் வந்தால் முதலில் இதைக் காட்டச் சொல்லுங்கள். கோளாறு இருக்கும் நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். பச்சை முனையை நீங்களே கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்கினால், வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்குப் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று பொருள். அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த நேரத்தில் என்ன ரூட்டர் மாற்றினாலும், எத்தனை எக்ஸ்டென்டர் வைத்தாலும், பிளானை எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. போனில் வைஃபை குறி முழுசாக இருக்கிறதே என்று நானும் குழம்பினேன். அந்தக் குறி உங்கள் போனுக்கும் வீட்டு ரூட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். ரூட்டருக்கு அந்தப் பக்கம் நெட் வருகிறதா என்று அதற்குத் தெரியாது. சிவப்பு விளக்கு இல்லை, ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரிகிறது, அப்படியும் நெட் மெதுவாக இருக்கிறது என்றால் ஒரு லேன் ஒயரைப் பெட்டியில் செருகி லேப்டாப்பில் வேகத்தைப் பாருங்கள். ஒயரில் சரியாக வந்தால் வைஃபையில் குறை. ஒயரிலும் வராவிட்டால் பெரும்பாலும் கம்பெனி பக்கம் குறை. இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அத்தனை பணமும் மிஞ்சியிருக்கும்.

இனி அந்த ரூட்டர் கதை. இதுதான் எனக்கு அதிகக் கோபம் தந்தது.

தம்பி ரூட்டரைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பர் ஒன்று, அட்டைப்பெட்டியில் இருந்தது வேறொன்று. பெட்டியில் 300 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "300 வரைக்கும் வரும் மேடம்" என்று அதைக் காட்டித்தான் விற்றார். அது வைஃபைக்குக் காகிதத்தில் சொல்லும் கணக்கு. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது. பின்னால் ஒயர் செருகும் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ். அதன் வழியாக நடைமுறையில் 95-க்கு மேல் வராது. அப்படியென்றால் 200 பிளானுக்கு நான் கட்டிய கூடுதல் பணம் முதல் நாளிலிருந்தே வீண். ரூட்டரை விற்றவரும் அவர்தான், பிளானை ஏற்றியவரும் அவர்தான். இந்த ரூட்டரில் அந்த வேகம் வராது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

அட்மின் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருந்தது. உள்ளே போனால் விருந்தினர் நெட்வொர்க் என்ற இடத்தில் வேறொரு வீட்டின் பெயர், '...இல்லம்' என்று. இணைப்புப் பக்கத்தில் இன்னொருவருடைய யூசர் ஐடி அப்படியே கிடந்தது. புதிது என்று 2,400-க்கு விற்றது, யாரோ பயன்படுத்திய ரூட்டர். ரீசெட்கூடச் செய்யவில்லை. நாற்பது கடைக்காரர்களின் கணக்கு என் லேப்டாப்பில் இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்த ஒரு ரூட்டரை ஒரு மாதம் நம்பியிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் பழைய ரூட்டரை யாருக்குக் கொடுத்தாலும், பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை வைத்து, விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்தி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு வந்து, மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சரிவாக ஒரு துளை போட்டார். நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை வைத்தார். மைனஸ் 18.6. காசு வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பழைய ஓஎன்டியின் வைஃபையையே மறுபடி போட்டு, டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கூடத்து அலமாரி மேல் வைத்தோம். எக்ஸ்டென்டர் இல்லாமலே உள் அறையில் நன்றாக வருகிறது. பிளானைப் பழையபடி 100-க்கு இறக்கிவிட்டேன்.

கம்பெனியில் புகார் செய்தபோது அந்த ஓடிபிக்கு அர்த்தம் தெரிந்தது. "மூன்று புகாருமே நீங்கள் சரியாகிவிட்டது என்று உறுதி செய்தவை" என்றார்கள். ஓடிபி சொன்னால் புகார் தீர்ந்தது என்று பதிவாகிவிடும். அடுத்த புகார் புதுப் புகார். அதனால்தான் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தது கம்பெனி கணக்கில் தெரியவே இல்லை. சாயங்காலக் கோளாறு என்றால் சாயங்காலம் கடந்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி. நான் விடாமல் புகார் எண் வாங்கி, அதற்கு மேல் அப்பீல் அதிகாரிக்கு எழுதினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளில் இந்த இரண்டு படியும் இருக்கின்றன. ஷிஃப்டிங் சார்ஜையும் விசிட் சார்ஜையும் அடுத்த பில்லில் கழித்தார்கள். ரூட்டரும் எக்ஸ்டென்டரும் எங்கள் மூலமாக விற்றதில்லை, அது அவருடைய தனி வியாபாரம் என்று கைகழுவிவிட்டார்கள். கம்பெனி சட்டை போட்டு, கம்பெனி புகாருக்கு வந்தவர் விற்றது எப்படித் தனி வியாபாரம் ஆகும்? அதைக் கேட்டுத்தான் ஜிபே ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு நாளாகிறது. இன்னும் பதில் வரவில்லை.

நடுவில் ஒருநாள், ரூட்டரில் பார்த்த அந்த வீட்டுப் பெயரை இரண்டு தெரு தள்ளி ஒரு கேட்டில் பார்த்தேன். பெல் அடித்தேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். போனில் இருந்த ரூட்டர் போட்டோவைக் காட்டினேன். "இது என்னோடதுதாம்மா" என்றார். ஆனியில் அதே ஆள் வந்து, இது போயிடுச்சு சார், இனி குப்பைதான், நானே எடுத்துப் போட்டுடறேன் என்று சொல்லிவிட்டு, புதிது ஒன்றை 3,000 ரூபாய்க்கு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். குப்பை என்று எடுத்துப்போன அந்த ரூட்டர் என் வீட்டில் ஒரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவருடைய ஜிபே ரசீதையும் வாங்கி 1915 புகாரில் சேர்த்துவிட்டேன். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் சமீபத்தில் டெக்னீஷியனிடம் ரூட்டர் வாங்கியவர்கள், பெட்டி நம்பரையும் அடியில் உள்ள நம்பரையும் இன்றைக்கே ஒத்துப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். அடுத்த கடிதத்தில் எல்லோருடையதையும் சேர்த்தே அனுப்புகிறேன்.